இடது சக்கரத்தின் சிவப்பு

அத்தியாயம் 6

"இப்ப அமுக்கு," என்றாள் ஃபஸீலா.

வில்பிரட் பிரேக்கை அமுக்கினான். உச்சிப்புளி சாலையில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்த வெள்ளைக் கார், குளிர்க்காய்ச்சல் கண்ட எருமை மாதிரி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. ஸ்டியரிங் அவன் கைக்குள் துடித்தது. டாஷ்போர்டில் உட்கார்ந்திருந்த பிள்ளையார் தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்து வந்து ஓரத்தில் நின்றார்.

"எங்க ஆடுது?"

"எங்க ஆடலைன்னு கேளுங்கக்கா, சீக்கிரமாச் சொல்லிருவேன்."

"ஸ்டியரிங் ஆடினா முன் சக்கரம். சீட்டு ஆடினா பின் சக்கரம். ஒழுங்காப் பாத்துச் சொல்லு."

"ஸ்டியரிங்தான். ஆனா வயித்துக்குள்ள காலையில தின்ன புட்டும் ஆடுது. அது எந்தச் சக்கரம்?"

ஃபஸீலா பிள்ளையாரைப் பழைய இடத்தில் உட்காரவைத்தாள். பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று பிரித்துச் சொன்னவள் அவள். இப்போது ராமநாதபுரம் கேணிக்கரையில் சொந்தத் துப்பறியும் ஆபீஸ். அந்த ஆபீஸின் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருகிறவர் எல்லாமே வில்பிரட்தான்.

வில்பிரட் தங்கச்சிமடத்துக்காரன். விசைப்படகு ஓட்டியவன்; அவன் கடலில் இருக்கிற ராத்திரிகளில் மனைவி ஆஸ்லின் வாசலிலேயே விழித்திருப்பாள். போன வருஷம் அவன் படகு டீசலில் எப்படியோ தண்ணீர் கலந்து, எஞ்சின் இருமி நிற்பதே வழக்கமாகிவிட்டது. டேங்க்கைக் கழுவினான், டீசல் பங்க்கை மாற்றினான், மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினான். ஒன்றும் பலிக்காமல் வெறுத்துப்போய்ப் படகை விற்றுவிட்டுக் கரையேறினான். "யாரு பண்ணுன வேலைன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கக்கா," என்று ஃபஸீலாவிடம் கேட்டான். "அந்தக் கேஸை மட்டும் நான் எடுக்க மாட்டேன்," என்று சிரித்துவிட்டாள். ஏன் சிரித்தாள் என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"கடல்ல இந்தத் தொல்லையே இல்லக்கா," என்றான் வண்டியைத் திருப்பிக்கொண்டே. "படகுக்குப் பிரேக்கே கெடையாது. நியூட்ரல் போட்டுட்டு அருள் நிறைந்த மரியே சொல்லுவோம். சொல்லி முடிக்கிறப்ப நின்னுரும்."

காஜா நவாஸின் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி நின்றது. நிற்கும்போதும் ஒருமுறை சிலிர்த்துவிட்டுத்தான் நின்றது.

"பாத்தியளா லாத்தா?" என்று ஃபஸீலாவைக் கேட்டபடி காஜா கையில் இருந்த பஞ்சுக் கழிவைத் தரையில் போட்டான். ஒல்லியான மனிதன், நேற்று இரவு தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அல்லா மேல ஆணையா, நான் போட்டது ஒரிஜினல் பிரேக் பேடு. டப்பாவைக்கூட வச்சிருக்கேன்."

"டப்பா கெடக்கட்டும். மொதல்ல இருந்து சொல்லு."

காஜா சொன்னான். வண்டி, டூரிஸ்ட் கார் உரிமையாளர் சங்கத் தலைவர் பாண்டீஸ்வரனுடையது. தானே ஓட்டுவார். ஓட்டுவது என்று சொல்வது மரியாதைக்கு, விரட்டுவார். மதுரை ஏர்போர்ட்டுக்குப் போய்த் திரும்புவதை மற்ற டிரைவர்கள் வயிற்றெரிச்சலோடு பேசிக்கொள்வார்கள்.

"கம்பெனி பேடு பத்தாது, சடக்குன்னு நிக்கிற மாதிரி ஒசந்த பேடு போடுன்னாக. செராமிக் பேடு வரவச்சுப் போட்டேன். அன்னைக்கு வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி நின்னுச்சு. மதுரை போயிட்டு வந்தாக, மறுநாளே ஆட்டம். பேடு கவ்வுற இரும்பு டிஸ்க்கு கோணிக்கிச்சு. லேத்துல குடுத்துச் சீவி, சமமாக்கி மாட்டுனேன். அடுத்த மதுரை ட்ரிப்பு, மறுநா ஆட்டம். சனியன்னு புது டிஸ்க்கே போட்டேன். முந்தாநாள் மதுரை போயிட்டு வந்தாக. இந்தா, திரும்ப ஆடுது."

"ரெண்டு பக்கமுமா?"

"அதான் லாத்தா புரியல. எப்பவும் இடது முன் சக்கரம் மட்டுந்தான்."

"அவரு என்ன சொல்றாரு?"

காஜா போனை எடுத்துக் காட்டினான். "ஒரிஜினல் டப்பாவுக்குள்ள போலி பேடை வச்சு ஏமாத்திட்டேன்னு சங்கத்து வாட்ஸப்புல போட்டுட்டாக. இன்னைக்குச் சாயங்காலம் மண்டபம் ஊருல சங்கக் கூட்டம். இனிமே எவனும் காஜா கடைக்கு வண்டி விடக்கூடாதுன்னு அறிவிக்கப் போறாக. தீவுல ஓடுற டாக்ஸி பூராவும் இங்கனதான் வருது லாத்தா. அது நின்னுபோச்சுன்னா நான் ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"சக்கரத்தைக் கழட்டு," என்றாள் ஃபஸீலா.

காஜா ஜாக்கியை வைப்பதற்குள் வில்பிரட் தன் முடிவை அறிவித்துவிட்டான். "இது எதிரி வேலைக்கா. பக்கத்துக் கடை மெக்கானிக்கு எவனோ ராத்திரியோட ராத்திரியா வந்து..."

"வந்து?"

"சுத்தியலால அடிச்சுக் கோணவச்சிருக்கான்."

"சக்கரத்தைக் கழட்டாம டிஸ்க்குல சுத்தியல் படாது. நட்டுல காஜா ஸ்பானர் தடத்தைத் தவிர வேற புதுத் தடம் இல்ல. அப்புறம், காஜாவைக் கெடுக்க வந்தவன் ஒரு சக்கரத்தோட ஏன் திருப்திப்படணும்? போலி பேடுன்னாலும் அதே கதைதான். ரெண்டு பக்கமும் ஒரே டப்பா பேடு. வலது பக்கம் நல்லவனாவும் இடது பக்கம் கள்ளனாவும் இருக்க அதுக்குத் தெரியாது."

சக்கரம் கழன்றது. ஃபஸீலா முட்டிக்கால் போட்டு உட்கார்ந்தாள். பேட் உரசுகிற இடம் பளபளவென்று இருந்தது. அதற்கு உள்ளே, நடுவில் குடம் மாதிரி எழும்பியிருக்கும் பகுதியில் மட்டும் ஒரு செம்மை. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் மேலும் அதே செம்மை. வில்பிரட் தலையை நுழைத்து மேலே பார்த்தான். மட்கார்டின் உள்பக்கம் வரை சிவப்புப் பொட்டுப்பொட்டாகத் தெறித்திருந்தது.

"துரு லாத்தா," என்றான் காஜா. "உப்புக் காத்துல எல்லாத்துக்கும் வர்றதுதான்."

"வலது பக்கத்தையும் கழட்டு."

வலது பக்கத்திலும் துரு இருந்தது. ஆனால் அது காய்ந்த கருவாட்டு நிறத் துரு. இடது பக்கத்தில் இருந்ததோ வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவப்பு.

ஃபஸீலா எழுந்து வண்டியின் முன்னால் போனாள். பம்பரில் திருஷ்டிக்காகக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை மிளகாய்களோடு சேர்த்து அவிழ்த்தாள்.

"ஐயையோ அக்கா! அது கண்ணுபடாம இருக்கக் கட்டுனது!"

"இன்னைக்கு அதுக்கு வேற வேலை. கத்தி குடு காஜா."

பழத்தை இரண்டாக அரிந்து, ஒரு மூடியை அந்தச் சிவப்பின் மேல் பிழிந்தாள். சாறு வழிந்த இடத்தில், மூன்று பேர் கண் முன்னாலேயே, சிவப்பு மெல்ல மஞ்சளானது. இன்னொரு மூடியை வலது பக்கத் துருவில் பிழிந்தாள். துரு துருவாகவே இருந்தது.

"மாதாவே!" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான் வில்பிரட். "புதுமையா இருக்கே!"

"புதுமையும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. உன் கல்யாணத்துல உனக்கு ஆரத்தி எடுத்தாகளா?"

"என் கொழுந்தியா எடுத்தா. தட்டுல நோட்டுப் போட்டாத்தான் உள்ள விடுவேன்னு மறிச்சுக்கிட்டா."

"அந்தத் தண்ணி என்ன நெறம்?"

"செவப்பு."

"எப்படிச் செவந்துச்சு?"

வில்பிரட் அந்தச் செம்மையைத் திரும்பிப் பார்த்தான். "மஞ்சத்தூளும் சுண்ணாம்பும்."

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தாச் செவக்கும். புளிப்புப் பட்டாத் திரும்ப மஞ்சளாயிரும். துருவுக்கு அந்த மாதிரி மனசு மாறுற பழக்கம் கெடையாது." அவள் காஜாவைப் பார்த்தாள். "மதுரையிலருந்து விரட்டிட்டு வந்து நிக்கிறப்ப டிஸ்க்கு எப்படி இருக்கும்?"

"தோசைக்கல்லு லாத்தா. கைய வச்சா ஒட்டிக்கிரும்."

"அந்தத் தோசைக்கல்லுல பச்சத் தண்ணிய ஊத்துனா?"

காஜா ஸ்பானரைக் கீழே போட்டான். "கோணும்! கோணாம என்ன செய்யும்!"

"மாட்டு சக்கரத்தை. தங்கச்சிமடம் போறோம், அவரு வீட்டுக்கு."

வண்டி ஓட்டும்போது வில்பிரட்டுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. மட்கார்டு வரை தெறித்த சிவப்பு. ஆரத்தித் தட்டில் பிடிப்பது ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீருக்கு அவ்வளவு ஆவேசம் ஏது? கேட்கலாம் என்று திரும்பினான். ஃபஸீலா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவள் தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். கேட்காதே என்று அர்த்தம் என்பதும் தெரியும்.

பாண்டீஸ்வரன் வீட்டுப் போர்ட்டிகோவில் வண்டியை விட்டதும் இடது பக்கம் ஏன் என்பது தானாகவே விளங்கியது. வலது பக்கம் காம்பவுண்டுச் சுவர். ஓர் ஆள் நுழைய இடமில்லை. இடது பக்கம்தான் வாசற்படி. படிக்குக் கீழே, சக்கரம் நிற்கிற இடத்தில், சிமென்ட் தரையே சிவந்து கிடந்தது.

"வாங்க, வாங்க!" கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் திருகிய மீசையுமாகப் பாண்டீஸ்வரன் கூடத்தில் நின்றார். கூட்டத்துக்குத் தயார். "காஜா உங்களத் தூதுக்கு அனுப்பிருக்கானா? போலிப் பய. மங்களம்! மோர் கொண்டா!"

உள்ளேயிருந்து அவர் மனைவி மங்களேஸ்வரி மோர்த் தம்ளர்களோடு வந்தாள். சிறிய உருவம், சாதுவான முகம். தம்ளரை வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"மதினி, கையெல்லாம் கிரீஸு. எங்கன கழுவலாம்?" என்றான் வில்பிரட்.

பின்பக்கம் காட்டினாள். போகிற வழியில் சாமி அறை. ஆரத்தித் தட்டு அங்கேதான் இருந்தது, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, பளபளவென்று. பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்து கிடந்தது. வில்பிரட் சும்மா நிமிர்த்திப் பார்த்தான். உள்ளே, அடியிலிருந்து முக்கால் உயரம் வரை, ரத்தச் சிவப்பு.

கையைக் கழுவாமலே கூடத்துக்கு ஓடிவந்தான். "அக்கா, அங்கன ஒரு வா..."

ஃபஸீலாவின் குதிகால் அவன் பெருவிரலை மிதித்தது.

"...வாழமரம், நல்லாக் குலை தள்ளிருக்கு," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தான்.

சுட்ட டிஸ்க்கில் ஆரத்தித் தண்ணீர் விழுந்த கதையை ஃபஸீலா நிதானமாகச் சொன்னாள். பாதி பிழிந்து மிச்சம் வைத்திருந்த எலுமிச்சை மூடியைப் பாண்டீஸ்வரன் கையிலேயே கொடுத்து, போர்ட்டிகோ தரையில் பிழியச் சொன்னாள். தரை மஞ்சளானது. அவர் மீசை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"ஏன்டி மங்களம். நான் மதுரை போயிட்டு வந்தா ஆரத்தி எடுப்பியே, அதை எங்கன ஊத்துவ?"

"வண்டிக்கும் கண்ணு படக்கூடாதுல்ல? சக்கரத்துலதான்."

பாண்டீஸ்வரன் வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டுக்கிட்டியளா? கூறுகெட்டவ! வண்டியப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்? பாசத்துல தெரியாம ஊத்திட்டா. சரி, போகட்டும். கூட்டத்துல காஜாவைப் பத்தி ஒண்ணும் பேச மாட்டேன். விட்டுட்டேன்னு சொல்லுங்க."

"பேசாம இருந்தாப் பத்தாதுண்ணே," என்றாள் ஃபஸீலா. "போலி பேடுன்னு வாட்ஸப்புல போட்டுட்டீங்க. அத்தன டிரைவரும் படிச்சாச்சு. காஜா மேல தப்பில்லன்னு கூட்டத்துல உங்க வாயாலயே சொல்லணும்."

சிரிப்பு நின்றது. "என்ன சொல்லச் சொல்றிய? எம் பொண்டாட்டியோட முட்டாத்தனத்தைச் சங்கத்துல மைக்கப் பிடிச்சு வாசிக்கணுமா? நாளைக்கு ஒருத்தன் மதிப்பானா? முடியாது. நான் பேசல, அம்புட்டுத்தான் என்னால ஏலும்."

"அப்ப காஜா பேரு?"

"நாள்போக்குல மறந்துருவாங்க."

"கடையைப் பூட்டுனதுக்கு அப்புறமா?"

கதவோரம் நின்ற மங்களேஸ்வரி உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் வில்பிரட் நினைத்தான். திரும்பி வந்தபோது அவள் கையில் வாளி இருந்தது. கூடத்தின் நடுவில், கணவரின் காலுக்குப் பக்கத்தில், அதை 'டக்'கென்று வைத்தாள்.

"நான் தெரியாம ஊத்தல," என்றாள்.

ஃபஸீலா மோரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அந்த ஒரு வாயில்தான் வில்பிரட்டுக்கு விளங்கியது. தான் வாளியைப் பார்ப்பதற்கு முன்பே அக்காவுக்கு வாளி தெரியும். மங்களேஸ்வரிக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தாள். அந்த அம்மாள் வெளியே போக மறுத்துவிட்டாள்.

"என்னடி உளர்ற?"

"மொதத் தடவ தெரியாமத்தான். தட்டுத் தண்ணியத்தான் ஊத்துனேன். சுர்ருன்னு ஆவி வந்துச்சு. மறுநா வண்டி லேசா ஆடுதுன்னு நாப்பதுலயே ஓட்டிட்டுப் போனீக. என்னையும் உத்தரகோசமங்கைக்குக் கூட்டிட்டுப் போனீகளே, ஞாபகமிருக்கா? அன்னைக்குத்தான் பாம்பன் பாலத்துல கண்ணத் தொறந்து கடலப் பாத்தேன். அதுவரைக்கும் பாலம் முடியிற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு மங்களநாதரே, மங்களநாதரேன்னுதான் கெடப்பேன். கீழ தண்ணி என்ன நெறம்னுகூட எனக்குத் தெரியாது."

பாண்டீஸ்வரன் குனிந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்புறம் காஜா தம்பி சரி பண்ணிக் குடுத்துச்சு. திரும்ப நூறு, நூத்திருவதுன்னு கெளம்பிட்டீக. கேட்டா, 'ஒசந்த பேடு போட்டிருக்கேன்டி, சடக்குன்னு நிக்கும், பயப்படாத'ன்னீக. ஒசந்த பேடு நிக்கிறதுக்குன்னுல நான் நெனச்சேன்! நீங்க ஓடுறதுக்குல போட்டிருக்கீக! அதான் தட்டு பத்தாதுன்னு வாளியில கலந்தேன்."

"ஏன்டி, அதுக்கு மெதுவாப் போங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"கல்யாணமான நாள்லருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நான் சொன்னா எங்க கேக்குறீக? ஸ்டியரிங் சொன்னாத்தான் கேக்குறீக."

வில்பிரட்டுக்கு மோர் மூக்கில் ஏறிவிட்டது. இருமிச் சமாளிப்பதற்குள் பாண்டீஸ்வரனின் காது சிவந்து, அந்த வாளிக்கே தம்பி மாதிரி ஆகியிருந்தது.

மங்களேஸ்வரி ஃபஸீலா பக்கம் திரும்பினாள். "காஜா தம்பி மேல பழி விழும்னு நெனைக்கல தாயி. அது சரி பண்ணும், நான் ஊத்துவேன், இப்படியே ஓட்டிரலாம்னு இருந்தேன். வாட்ஸப்பெல்லாம் எனக்கு யாரு சொல்றா?"

"ஆடுற பிரேக்கு ஆபத்துக்கா," என்றாள் ஃபஸீலா. "மெதுவாப் போறவரையும் ஒருநாள் கவுத்துரும். அவரைக் காப்பாத்துறேன்னு நீங்களே..."

"இனிமே ஊத்த மாட்டேன். சத்தியம்." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடி மாட்டினாள். "கூட்டம் மண்டபத்துலதான? மைக்குல யாரு பேசப்போறது, அவுகளா, நானா? எனக்கு ரெண்டுஞ்சரி."

வாளி கூடத்தின் நடுவில் இருந்தது. பாண்டீஸ்வரன் அதைப் பார்த்தார்; மனைவியைப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஏலே காஜா. நான்தான்டா. கூட்டத்துக்கு வா, முன் வரிசையில உக்காரு. பேடு ஒரிஜினல்தான். கோளாறு எங்க வீட்டு வாசல்ல... ஆமா, சொல்றேன், மைக்குலயே சொல்றேன். ஏலே, அழுகாதடா, எனக்குச் சங்கடமா இருக்கு. புது டிஸ்க்கு எடுத்து வையி." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பழைய பேடு கெடக்கா? கம்பெனியில போட்டு வந்தது? இல்ல, வேண்டாம், நல்ல பேடே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

அவரே ஓட்டினார். மங்களேஸ்வரி முன் சீட்டில், துப்பறிகிறவர்கள் பின்னால். பாம்பன் பாலம் ஏறும்போது முள் நாற்பதுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. மங்களேஸ்வரி கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டி, கீழே போகும் படகுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். "இந்தா, அங்கன ஒண்ணு பச்சைக் கலரு. அது எங்க போகுது?"

"எனக்கென்ன தெரியும்? நானும் இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார் பாண்டீஸ்வரன்.

வில்பிரட்டும் படகுகளைப் பார்த்தான். அவனுக்குள் ஏதோ ஒன்று, மிக மெதுவாக, கோணிக்கொண்டு திரும்பியது. திரும்பி ஃபஸீலாவைப் பார்த்தான். அவள் அடுத்த பக்க ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள். உதட்டோரத்தில் மட்டும் அந்தப் பழைய சிரிப்பு.

போனை எடுத்துத் தன் மனைவிக்கு அடித்தான்.

"ஆஸ்லின். ஒண்ணு கேக்கணும். நம்ம படகு டேங்க்குக்குள்ள அந்தத் தண்ணி எப்படிடி வந்துச்சு?"

மறுமுனையில் மீன் பொரியும் சத்தம் கேட்டது. சட்டியில் கரண்டி ஒருமுறை தட்டியது.

"நகரை மீனு வறுத்திருக்கேன்," என்றாள் ஆஸ்லின். "ஆறிப்போறதுக்குள்ள வந்து சேருங்க."